துவாரகைத் தேர்வு வாரியத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியத்தார் சமூகத்துக்கு, திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையின் மருத்துவ அறையில் உத்தியோகம் பார்க்கும், பொது மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்ற அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

1975-ஆம் ஆண்டில் தோன்றி, 1982 முதல் தனி ஸ்தாபனமாக விளங்கி, எம்.பி.பி.எஸ். முடித்தவன் எம்.டி.க்குப் போவதானாலும், எம்.டி. முடித்தவன் டி.எம். என்னும் மேற்சிறப்புப் படிப்புக்கோ தங்கள் ஃபெலோஷிப்புக்கோ போவதானாலும், பெரும்பாலும் தாங்கள் வைக்கும் கணினித் தேர்வென்னும் வாசலில் நின்றுவிட்டே போகவேண்டும் என்ற நிலையை ஏற்படுத்தி, டெல்லித் துவாரகையிலே காரியாலயம் அமைத்து வீற்றிருக்கும் தங்கள் மகிமை என் போன்ற சாமானியன் எழுதி அடங்குவதன்று. குசேலர் துவாரகைக்குப் போன காலத்தில் ஒரு பிடி அவல் போதுமானதாயிருந்தது. இக்காலத்தில் அங்கே தேர்வுக்கு விண்ணப்பிக்கிறவன் திருப்பித் தரப்படாத கட்டணத்தை இணைய வழியில் முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும். யுகதர்மம் என்று ஒன்று உண்டல்லவா?

2021-இல் மேற்சிறப்புத் துறைகளுக்கான நீட் தேர்வுக்கு மாணாக்கர்கள் புத்தகத்தில் மூழ்கியிருந்த சமயத்தில் வினாத்தாளின் அமைப்பே மாற்றப்பட்டு, இளம் வைத்தியர்களைக் கால்பந்தாக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்து, அவ்வருஷத்துக்குப் பழைய முறையே நிலைத்ததும், 2024 ஜூன் 23-ஆம் தேதி நடக்கவிருந்த பட்டமேற்படிப்புத் தேர்வு, வெளியூர் மையங்களுக்கு ரயிலேறிப் போய் லாட்ஜில் படுத்திருந்தவர்களின் கைப்பேசிக்கு 22-ஆம் தேதி இரவில் வந்த செய்தியால் ஒத்திப்போடப்பட்டதும், அந்த 2024-க்குரிய மேற்சிறப்புத் தேர்வு 2025 மார்ச் மாதக் கடைசியில் நடந்ததும் ஆகிய இவையெல்லாம், காலமென்பது மாயை என்னும் வேதாந்தத்தைப் பாடத்திட்டத்தில் சேர்க்காமலே போதிப்பதற்காகத் துவாரகையில் நடந்த லீலைகள் என்றுதான் நான் நம்பி வருகிறேன்.

ரெஸிடென்ஸி முடியும் தறுவாயில், இராப்பணியின் நடுவே, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டு டியூட்டி ரூமில் நடக்கும் தத்துவ விசாரணை ஒன்றே: அடுத்து என்ன? கையில் ஒரு ப்ரொசீஜர் இருக்க வேண்டும் என்பது சீனியர்களின் உபதேசம். ஸ்கோப் போடுகிறவன் பிழைப்பான். ஆஞ்சியோ செய்கிறவன் வீடு கட்டுவான். நோயாளியோடு அரை மணி நேரம் பேசி நோயைக் கண்டுபிடிக்கிறவனுக்கு எந்த ஆஸ்பத்திரி முதலாளி எதற்காகச் சம்பளம் தர வேண்டும்? இந்த நியாயத்தில் பிழை காண என்னால் இயலவில்லை. ஆயினும் அடியேன் பெற்றது, தரமணியில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தைச் சேர்ந்த மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் மூன்று மாதம் படித்து வாங்கும் ஏ.எஃப்.ஐ.எச். என்னும் தொழிற்சாலைச் சுகாதாரச் சான்றிதழ். தங்கள் ஏற்பாட்டில் தேய்ந்த மூட்டை மாற்றப் பழகுவதற்கு இரண்டு வருஷம். அபாயகரமான உற்பத்தி நடக்கும் ஆலையில் வேலை செய்கிறவர்களின் இரத்தம், செவி, சுவாசம் மூன்றுக்கும் ஜவாப்தாரியாவதற்கு வேறோர் அமைச்சகத்தின் ஏற்பாட்டில் மூன்று மாதம். "என்ன மாப்பிள்ளை, ஆஸ்பத்திரி ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று என் தாய்மாமன் கல்யாண வீட்டில் பலர் கேட்கக் கேட்டார். அவரும் தங்களைப் போலவே கல்வியின் தராதரத்தை வருஷக் கணக்கில் அளப்பவர்.

இவ்விடத்து நிலைமையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை. மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும் புறநகர் ரயில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி இங்கே வந்து நிற்கிறது. பழைய இரும்பை உருக்கும் இண்டக்ஷன் உலைகள் இங்கே அநேகம். அந்த உலையின் உட்சுவர் படிகக் கல்லை அரைத்த தூளால் ஆனது. ரேம்மிங் மாஸ் என்பார்கள். சில ஹீட்டுகள், அதாவது சில தடவை உருக்கல்கள், ஓடியதும் சுவர் அரித்துப் போக, உலையை நிறுத்தி, ஆறவைத்து, ஒருவன் உள்ளே இறங்கிப் பிரேக்கரால் பழைய சுவரை உடைத்தெடுக்க, மற்றொருவன் புதிய தூளை மூட்டையிலிருந்து கொட்டி இடித்து இறுக்குவான். லைனிங் வேலை என்று இதற்குப் பெயர். உள்ளே ஆள் இருப்பது தெரியாத அளவுக்குப் புழுதி. மூக்கில் கட்டியிருப்பது ஒரு துண்டு. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ காண்டிராக்டர் அழைத்து வந்த அந்த ஆள் சில வருஷங்களில் இருமிக்கொண்டு வருவான். சட்டைப்பையில் ஏற்கெனவே காசநோய் மாத்திரை இருக்கும். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களின் மேற்பாகத்திலும் கடுகு தூவினாற்போல் வட்ட நிழல்கள். சிலிகோசிஸ். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் இந்நிழல்களின் அடர்த்தியைப் பன்னிரண்டு படிகளாக வகுத்து, ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிப் படங்களும் வெளியிட்டிருக்கிறது. அவற்றை எம்.டி. படிப்பில் எனக்கு ஒருவரும் காட்டியதில்லை. நோயாளியை என்ன தொழில் என்று கேட்க வேண்டும் என இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி 1700-இல் எழுதி வைத்ததை ஒரு பேராசிரியர் சொன்னார், அதுவும் அவரது பிரிவுபசார விழாவில்.

விரல் விஷயம் வேறு. உருட்டாலையில் விரல் நசுங்கினால் அது கண்ணுக்குத் தெரியும், இரத்தம் கொட்டும், ஆம்புலன்ஸ் சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்குப் பறக்கும், கைக்கும் நுண் அறுவைக்கும் தாங்களே ஒரு ஃபெலோஷிப் ஏற்படுத்தியிருக்கிறீர்கள், அதற்காகத் தங்களை மனமார வாழ்த்துகிறேன், இதில் பகடி இல்லை. ஆனால் நுரையீரல் ஓசைப்படாமல் கல்லாகிறது. எடுத்து ஒட்டுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் ஃபெலோவுக்கு என்ன வேலை?

சட்டம் இல்லாமலில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஈய விஷத்தை முதலாவதாக வைத்து 29 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றில் ஒன்றைக் கண்ட வைத்தியன் தலைமை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், தவறினால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று விதித்தது. அந்தச் சட்டம் 2025 நவம்பரில் புதிய சட்டத்தொகுப்புக்குள் அடங்கிய பின்னும் பட்டியல் தொடர்கிறது. மேற்சிறப்புத் தேர்வுக்குத் தாங்கள் வாங்கும் கட்டணத்தில் பாதிக்கும் குறைவான அந்த ஆயிரம் ரூபாய்க்கு அஞ்சி எத்தனை வைத்தியர்கள் எழுதினார்கள் என்பதை விட்டுவிடுவோம். எழுதினால் நடப்பது என்ன? நான் சம்பளம் வாங்குவது ஆலையிடம். உடல்நலப் பதிவேட்டில் 'தகுதியில்லை' என்று எழுதினால், நஷ்ட ஈட்டு மனு உருவாவதற்கு முன்பே காண்டிராக்டர் அவனை ஊருக்கு ரயிலேற்றிவிடுவார். 'தகுதி' என்று எழுதினால் அவன் மறுபடியும் உலைக்குள் இறங்குவான். ஊருக்குப் போனவன் எங்கோ ஒரு கிராமத்தில் காசநோயால் இறந்ததாகக் கணக்காவான். ஆலையின் பதிவேடு நிர்மலமாயிருக்கும். நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தங்கள் வினாத்தாளில் இக்கேள்வி இடம்பெறுமானால், சரியான விடை எது என்று அறிய மிகுந்த ஆவலாயிருக்கிறேன்.

ஆகவே, தொழில்நோய்களுக்கென்று கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு ஃபெலோஷிப் தொடங்கலாகாதா என்று பிரார்த்திக்கிறேன். கட்டடம் வேண்டாம். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று சட்டம் வரம்பு கட்டிய இரைச்சலைக் கேட்க உருட்டாலையே வகுப்பறை. 4000 ஹெர்ட்ஸில் செவிக்கூர்மை பள்ளமாக இறங்கும் படத்தை அங்கே ஒரே நாளில் வேண்டிய மட்டும் சேகரிக்கலாம். ஈறில் நீலக் கோடு பார்க்கப் பழைய பாட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் இடங்கள் உண்டு. பேராசிரியர்? சிகாகோவின் ஈயப் பட்டறைகளில் படியேறி இறங்கி ஆராய்ந்து, 1919-இல் ஹார்வர்டில் முதல் பெண் ஆசிரியரான ஆலிஸ் ஹாமில்டன் அம்மையாரைப் போல ஒருவர் கிடைத்தால் உத்தமம். கிடைக்காவிட்டால், இருபது வருஷம் லைனிங் வேலை பார்த்த மேஸ்திரி ஒருவரைக் கௌரவப் பேராசிரியராக நியமிக்கலாம். வாய்மொழித் தேர்வு இந்தியிலும் ஒடியாவிலும் நடக்கட்டும்.

இம்மாவட்டத்துக்கு வைத்தியம் புதிதன்று. திருவள்ளூரில் பெருமாளுக்கே வைத்திய வீரராகவர் என்று பெயர். அமாவாசை தோறும் குளத்தில் வெல்லம் கரைத்தும், உப்பும் மிளகும் சமர்ப்பித்தும் ஜனங்கள் நோயை முறையிட, எத்துறைக்குரிய நோய் என்று விசாரியாமல் அவர் கேட்டுக்கொண்டு சயனித்திருக்கிறார். 2022 ஜனவரி 12-ஆம் தேதி முதல் அவ்வூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

ஃபெலோஷிப் பெரிய பிரஸ்தாபமாகத் தோன்றினால் சிறியதொன்றையேனும் அனுக்கிரகிக்க வேண்டும். விதிப்படி பட்டமேற்படிப்பு மாணாக்கர்கள் மூன்று மாதம் மாவட்டத்தில் பணிசெய்ய அனுப்பப்படுகிறார்கள். தாங்கள் வழங்கும் டி.என்.பி. பட்டத்துக்குப் படிக்கும் மாணாக்கர்கள் இம்மாவட்டத்துக்கு வரும்போது, அந்த மூன்று மாதத்தில் இரண்டு வாரத்தையாவது கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனையிலும் ஆலைகளின் மருத்துவ அறைகளிலும் கழிக்கும்படியும், ஒவ்வொருவரும் குறைந்தபட்சம் ஒரு சிலிகோசிஸ் படத்தையேனும் அந்தப் பன்னிரண்டு படிகளில் வைத்துப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டே போகும்படியும் ஒரு சுற்றறிக்கை விடுக்கக் கோருகிறேன். இம்மனுவுக்குக் கட்டணம் உண்டாயின் தெரிவிக்கவும். செலுத்திவிடுகிறேன், திருப்பித் தரவேண்டியதில்லை.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்,
ஓர் ஆலை வைத்தியன், கும்மிடிப்பூண்டி.