அக்கா ஆடிய ஆட்டம்

செஸ் வீரர் பிரக்ஞானந்தா வீடியோ என்றால் இணையத்தில் பறக்கிறது. அக்கா வைஷாலிக்கு லைக் போடக்கூட ஆளைத் தேட வேண்டியிருக்கிறதே, ஏன்? (வாசகி, அம்பத்தூர்)

சென்னை பாடியில் அவர்கள் வீட்டில் செஸ் போர்டை முதலில் விரித்ததே அக்காதான். டிவியே கதி என்று கிடந்த பெண்ணைக் கிளப்ப பெற்றோர் பார்த்த வைத்தியம் அது. தம்பி வேடிக்கை பார்க்க வந்தவர்!

என்ன இருந்தாலும் செஸ் ஜாம்பவான் கார்ல்சனைத் தோற்கடித்தது தம்பிதானே? (வாசகர், ஆவடி)

ஆமாம், 2022-ல். அக்கா தோற்கடித்தது 2013-ல், 12 வயதில். சென்னைக்கு வந்த கார்ல்சன் ஒரே நேரத்தில் பலரோடு ஆடிய காட்சி ஆட்டம் அது. இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பியின் ரசிகர்கள் பாடி மேம்பாலத்தில் என்னை மறித்துவிடுவார்கள்.

லைக் வாங்க வைஷாலி இன்னும் என்னதான் செய்ய வேண்டும்? (வாசகர், பூந்தமல்லி)

சமையல் ரீல்ஸ் போடலாம். செஸ்ஸில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாயிற்று. ஹம்பி, ஹரிகாவுக்குப் பிறகு கிராண்ட்மாஸ்டர் ஆன மூன்றாவது இந்தியப் பெண். உலகின் முதல் அக்கா-தம்பி கிராண்ட்மாஸ்டர் ஜோடியில் பாதி. 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் தம்பி அணிக்கும் தங்கம், அக்கா அணிக்கும் தங்கம். மகளிர் கிராண்ட் ஸ்விஸ் பட்டம் 2023-ல் ஒன்று, 2025-ல் இன்னொன்று. ரீல்ஸ் பார்க்கும் விரல் இதையெல்லாம் தள்ளிவிட்டுப் போனால், குறை ஆட்டத்தில் இல்லை.

இருவரில் உங்கள் லைக் யாருக்கு? (வாசகி, திருமுல்லைவாயல்)

அம்மா நாகலட்சுமிக்கு. வெளிநாட்டுப் போட்டிக்கும் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய் ரசம் சாதம் போட்டவர். அவருக்கு மட்டும் எந்தச் சம்மேளனமும் ரேட்டிங் தரவில்லை.