அம்பாசடர் ஏசி: மூலமும் உரையும்

ஒரு நூலில் எது மூல ஆசிரியரின் கை, எது பின்னால் வந்தவர் செருகியது என்று பிரித்தறிவது பதிப்பாசிரியரின் முதல் வேலை. அந்த முறையை அம்பாசடர் மார்க் 4 காரின் டேஷ்போர்டுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூலபாடத்தில் குழப்பமில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையைப் பார்த்து, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை படியெடுக்கப்பட்டது. மார்க் 4 படியில் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், சுமார் 50 குதிரைசக்தி. நீளமான முன்சீட்டு, ஸ்டீயரிங்கோடு ஒட்டிய கியர். ஏசி கிடையாது. ஆகவே டேஷ்போர்டின் வயிற்றுக்கடியில், முன்னால் உட்கார்ந்தவரின் முழங்காலைத் தட்டியபடி தொங்கும் கறுப்புப் பெட்டி இடைச்செருகல் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை. அகச்சான்றுகளும் உண்டு. அதன் போல்ட்டுகளுக்கு வண்டியின் ஸ்பேனர் சேராது. அதன் வயர்களின் நிறம் கம்பெனி வரைபடத்தில் எங்கும் இல்லை. ஹோஸ் நுழையும் துளை எஞ்சினுக்கும் கால்வைக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் டிரில்லால் போட்டது. விளிம்பில் பிசிறு அப்படியே நிற்கிறது, ரப்பர் வளையம் இல்லை.

இடைச்செருகலோடு விட்டிருந்தால் ஆய்வு எளிது. அதன்மேல் நாற்பது ஆண்டுகளாக உரைகள் எழுந்துள்ளன. ஒரு உரைகாரர் புளோயரை இக்னிஷன் சாவியோடு இணைத்தார். அடுத்தவர் அதை வெட்டி, ரிலே போட்டு, நேராக பேட்டரியிலிருந்து எடுத்தார். மூன்றாமவர் அந்த ரிலேயைக் கழற்றி இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எங்கோ இருக்கும் சொல்லை எங்கோ இருக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் கொள்வாரல்லவா, ஹாரன் வயரை கண்டென்சர் ஃபேனோடு மாட்டியவர் அந்த மரபைச் சேர்ந்தவர். முன்னோர் உரை எதையும் வெட்டி எறியக்கூடாது என்பது பதிப்பு நெறி. ஏசி வயரிங்கில் மட்டும் எறிந்துவிடுவதுதான் நெறி. எல்லாவற்றையும் உருவிவிட்டு, ஃப்யூஸ், ரிலே, தனி எர்த் என்று புதிதாக இழுக்காத வண்டியில் மற்ற எந்த வேலையும் நிலைக்காது.

முன்னூல்களையும் சொல்லிவிட வேண்டும், ஆய்வேடு என்றால் அது ஒரு சடங்கு. ஆதிநூல் அமெரிக்காவின் பேக்கார்டு. 1940 மாடலுக்கு அவர்கள் கொடுத்த ஏசியில் கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்று தோன்றினால் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். கூலிங் காயில் டிக்கியில் பாதியைப் பிடித்துக்கொண்டது. ஓரிரு ஆண்டில் கைவிட்டார்கள். 1954இல் நாஷ் நிறுவனம் எல்லா உறுப்பையும் வண்டியின் முன்பக்கத்திலேயே அடக்கிக் காட்டியது. அப்படி வந்த கார்களில் ஒன்றின் பெயர் அம்பாசடர். 1968 மாடலில் அந்த அமெரிக்க அம்பாசடர் ஏசியைத் தனி விலை சொல்லாமல் வண்டியோடே சேர்த்து விற்றது. நம்முடையதற்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தத்தைத் தவிர வேறு உறவில்லை. பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துக் கல்யாணம் செய்தவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

கேஸ் என்னும் கொள்கை

இத்துறையில் மிகப் பரவலான கொள்கை ஒன்று உண்டு. அதை உரையாடல் வடிவில்தான் பதிவு செய்ய முடியும்.

"சார், கேஸ் தீர்ந்துபோச்சு. அடிச்சு விட்டுடறேன், ஜில்லுனு இருக்கும்."

"போன சித்திரையிலதானப்பா அடிச்சோம்?"

"அதான் சார், ஒரு சீசன் ஓடிடுச்சே."

இதில் இரு தரப்புக்கும் திருப்தி. ஒருவருக்கு வேலை உடனே முடிகிறது, மற்றவருக்குப் பணம் உடனே வருகிறது. கொள்கை இத்தனை காலம் நிலைத்ததற்கு அதுவே காரணம். ஆனால் கேஸ் பெட்ரோல் அல்ல, எரிந்து தீர்வதற்கு. கம்ப்ரசர் அழுத்த, கண்டென்சரில் சூட்டை விட்டுத் திரவமாகி, டிரையரில் ஈரத்தை உதிர்த்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளை வழியே பீறிட்டு, கூலிங் காயிலில் ஆவியாகும்போது காருக்குள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொண்டு, மறுபடியும் கம்ப்ரசருக்கே வந்து சேரும். இது பிறவிச் சுழற்சி. இதில் முக்தி இல்லை. முக்தி கிடைத்துவிட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. முந்தைய தலைமுறை மெக்கானிக்குகளிடம் ஹாலைடு விளக்கு இருந்தது. அதன் குழலை இணைப்பு இணைப்பாகக் காட்டிக்கொண்டே போவார்கள். கசியும் கேஸில் குளோரின் இருந்தால், சூடான செம்பில் பட்டுச் சுடர் பச்சையாக மாறும். இன்று பரவலாக உள்ள ஆர்-134ஏ கேஸில் குளோரினே கிடையாது. ஆகவே அந்த விளக்கு இப்போது எதற்கும் நிறம் மாறாமல், ரிட்டயரான நீதிபதிபோல் மௌனம் காக்கிறது. சோப்புத் தண்ணீர், நைட்ரஜன் அடைத்து அழுத்தச் சோதனை, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் என்று இப்போதைய வழிகள் வேறு. இவற்றுக்கெல்லாம் முன்னால் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது: கண்ணும் விரலும். கேஸோடு எப்போதும் கொஞ்சம் கம்ப்ரசர் ஆயிலும் சுற்றிவரும். கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசிந்து, அதில் சாலைத் தூசி படிந்து, மைபோலக் கறுத்த பிசுக்கு நிற்கும். கண்டென்சரின் மூலை, ஹோஸ் முனையை நெரித்துப் பூட்டிய இடம், சார்ஜிங் வால்வின் மூடி, கம்ப்ரசரின் மூக்கு ஆகிய நான்கையும் விரலால் தடவிப் பார்த்தால் பாதி ஆய்வு முடிந்தது. சார்ஜிங் வால்வுக்கு மூடியே இல்லாமல் ஓடும் வண்டிகள் ஏராளம். மூடி சில ரூபாய்தான். அது இல்லாததால் வருஷாவருஷம் கேஸுக்குக் கொடுப்பது ஆயிரக்கணக்கில்.

கம்ப்ரசரின் மூக்கு என்றது கிளட்சுக்குப் பின்னால் சுழல்தண்டு வெளியே வரும் இடத்தை. அங்கே ஒரு சீல் உண்டு. பழைய அம்பாசடர்களில் பின்னாளில் பொருத்தப்பட்ட சாண்டன் 508 போன்ற ஐந்து பிஸ்டன் கம்ப்ரசரானாலும் சரி, அதற்கு முந்தைய நிமிர்ந்து நிற்கும் இரட்டை சிலிண்டர் வகையானாலும் சரி, சீலை ஈரமாக வைத்திருப்பது ஓடும்போது சுற்றும் ஆயில்தான். ஓடாமல் கிடந்தால் சீல் காய்ந்துவிடும். காய்ந்தால் இறுக்கம் போய்விடும். இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு இங்கேதான் இருக்கிறது. அம்பாசடர் ஏசி கத்திரி வெயிலில் கெடுவதில்லை. மார்கழியில், "இந்தக் குளிர்ல எதுக்கு ஏசி" என்று சொந்தக்காரர் சிக்கனமாக அதை அணைத்து வைத்திருக்கும்போது கெடுகிறது. கத்திரியில் நமக்கு அது தெரியவருகிறது, அவ்வளவே. பட்டுப்புடவையைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றலாம். ஏசியைக் காப்பாற்ற வாரம் ஒருமுறை பத்து நிமிஷமாவது ஓட்ட வேண்டும். ஐப்பசி மழையில் கண்ணாடி ஆவி படிந்து மறைக்கும்போது ஏசி ஓடினால் காற்றின் ஈரம் குறைந்து அதுவும் தெளியும் என்பது கூடுதல் லாபம்.

டிரையரின் தலையில் ஒரு சிறு கண்ணாடிச் சில்லு இருக்கும். அதில் குமிழ் ஓடினால் கேஸ் குறைவு, தெளிவாக இருந்தால் நிறைவு என்பது பழைய சூத்திரம். உரைகாரர்கள் சொல்லாமல் விட்டது, உள்ளே கேஸ் துளிகூட இல்லாவிட்டாலும் கண்ணாடி தெளிவாகவே தெரியும். பூரணமும் சூன்யமும் ஒரே தோற்றம் தரும் இந்த இடத்தில் இரண்டு தத்துவ மரபுகள் சமாதானமாகப் போகின்றன. காருக்குள் இருப்பவர் மட்டும் வேர்த்துக்கொண்டிருப்பார். ஆர்-134ஏ போட்டால் சரியான அளவிலும் பால்போல் கலங்கித் தெரியக்கூடும். அப்போது மேனிஃபோல்டு கேஜ் காட்டும் அழுத்தத்தையும் ஏசி வாயில் வைத்த தெர்மாமீட்டரையும் நம்பலாம்.

மூன்று மடங்கள்

எந்தக் கேஸ் போடுவது என்பதில் மூன்று மடங்கள் உள்ளன. ஆதி மடம் ஆர்-12. 1928 வாக்கில் அமெரிக்காவில் தாமஸ் மிட்க்லி குழுவினர் இதைக் குளிர்பதனத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கக் கண்டுபிடித்தவரும் இவரே. காரின் முன்பக்கம் ஏசியில் ஒரு கை, பின்பக்கம் புகைக்குழாயில் ஒரு கை என்று வைத்த மனிதர் வேறொருவர் இல்லை. இந்தக் கேஸ் ஓசோனைத் தின்னும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் காட்டினார்கள். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1992இல் இந்தியா அதில் சேர்ந்தது. வளரும் நாடுகளுக்கான கெடு 2010இல் முடிந்தது. இன்றும் யாரோ ஒருவரிடம் ஒரு பழைய சிலிண்டர் இருப்பதாக வதந்தி உலவுகிறது. அதனுள்ளே என்ன இருக்கிறது என்பதற்குச் சிலிண்டரின் பெயின்ட் மட்டுமே சாட்சி.

இரண்டாவது, சீர்திருத்த மடம்: ஆர்-134ஏ. இதற்கு மாறுவது கேஸை மட்டும் மாற்றுவதல்ல. பழைய மினரல் ஆயில் இதனோடு கலக்காது. கலக்காத ஆயில் கூலிங் காயிலில் தேங்கி நின்றுவிட, கம்ப்ரசர் வறண்டு இறுகிப்போகும். ஆகவே பழைய ஆயிலை வடித்து எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும், டிரையரையும் ஓ ரிங்குகளையும் மாற்ற வேண்டும், இதன் சிறிய மூலக்கூறு பழைய ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே கசிவதால் உள்ளே தடுப்புப் படலம் உள்ள ஹோஸ் போட வேண்டும். அளவும் ஆர்-12 எடையில் எண்பது, எண்பத்தைந்து சதவீதம் போதும். குறைகிறதே என்று அன்போடு கொஞ்சம் கூடுதலாக அடித்தால் அழுத்தம் ஏறி, குளிர் இறங்கும். விருந்தோம்பல் செல்லுபடியாகாத அபூர்வ இடங்களில் இது ஒன்று.

மூன்றாவது மடத்தார் சமையல் கேஸை அடிக்கிறார்கள். பழைய ஆயிலோடும் ஒத்துப்போகும், குளிரும் பிரமாதம். சங்கடமே அதுதான், பிரமாதமாக இருப்பதால் விடமாட்டார்கள். கூலிங் காயில் இருப்பது காருக்குள்ளே. கசிந்தால் நிறைவது மூடிய கேபின். பக்கத்தில் பொறி பறக்கும் புளோயர் மோட்டார். இம்மடத்தைத் தள்ளி நின்று ஆராய்வதே நலம்.

எந்த மடமானாலும் கேஸ் அடிப்பதற்கு முன் வேக்கம் போடுவது பொதுச் சடங்கு. அதைப் பத்து நிமிஷத்தில் முடிப்பவர்களைப் பார்த்து வருந்தத்தான் முடியும். வேக்கத்தின் வேலை காற்றை எடுப்பது மட்டுமல்ல, ஈரத்தை எடுப்பதும்தான். கேஜ் 29 அங்குலத்தைக் காட்டும்போது நீர் சுமார் 25 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். சென்னையில் நிழலில் நின்றாலே அதைவிடச் சூடு. ஆக இந்த ஊர் வெயில் ஏசிக்கு உதவும் ஒரே தருணம் இது. அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் ஓடட்டும். ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். குளிர் வந்து, நின்று, தானாகவே திரும்ப வரும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அந்த நேரம் பார்த்து நன்றாக வேலை செய்யும்.

மின்சாரக் கணக்கு சுருக்கம். பழைய டைனமோ தருவது சுமார் 22 ஆம்பியர், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றினால். ரேடியேட்டர் ஃபேனும் எஞ்சினோடு சுற்றுவதுதான். சிக்னலில் நிற்கும்போது இரண்டும் சோர்ந்துவிடும். ஏசிக்கு இரண்டும் அதிகம் தேவைப்படுவது சிக்னலில்தான். கண்டென்சருக்கு முன்னால் மின்விசிறி ஒன்று, அதற்குச் சோறுபோட ஆல்டர்னேட்டர் ஒன்று, ஐட்லிங்கைக் கொஞ்சம் தூக்கிவிடும் சொலினாய்டு ஒன்று இல்லாமல் அண்ணா சாலையில் ஏசி போடுபவர் எஞ்சின் சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

பெட்டியிலிருந்து நீர் வடியும் குழாயைப் பற்றி ஒரு வரி: சென்னைக் காற்றின் ஈரம் முழுக்க அதன் வழியாகத்தான் இறங்கும், அடைத்துக்கொண்டால் முன்சீட்டில் இருப்பவரின் இடது பாதத்துக்கு அபிஷேகம். வருஷத்துக்கொருமுறை ஊதிவிட்டால் போதும்.

கடைசியாக, எந்தக் கேஜும் அளக்காத உறுப்பாகிய பயணியைப் பற்றி. ஓட்டை அடைத்து, ஹோஸ் மாற்றி, கதவு பீடிங்கும் தகட்டுத் துளைகளும் அடைத்து, வாயில் பத்து டிகிரி வந்துவிட்ட வண்டியில் மாமனார் ஏறுகிறார். அம்பாசடரின் முன்கதவில் முக்கோணமாக ஒரு சிறு கண்ணாடி உண்டு. திருப்பி வைத்தால் வெளிக்காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். மூலநூலாசிரியர் குளிர்ச்சிக்காக எழுதியது அந்த ஒரு வரிதான். மாமனார் அதன் கொக்கியைத் தள்ளிவிட்டுச் சாய்ந்து உட்காருகிறார்.

"மாமா, ஏசி ஓடுது."

"ஓடட்டுமே மாப்பிள்ளை, அது பாட்டுக்கு ஓடட்டும். இது கொஞ்சம் காத்து வரட்டும்."