மாறாத 11 மணி

பெறுநர்: இணைய விளையாட்டுப் போட்டிகளின் அட்டவணையை ஆளும் மேலிடம்
பொருள்: மாறாத நேரம் மாறியது குறித்து



'செவ்வாய்க்கிழமை, நியூயார்க் நேரம் காலை 11 மணி' என்று தாங்கள் எழுதிவைத்ததில் ஆண்டு முழுக்க ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. அந்த உறுதிக்குப் பாராட்டுகள். எதுவுமே மாறாதபோது அறிவிப்பு எதற்கு என்று தாங்கள் நினைப்பதும் நியாயமே.

2025 மார்ச் 9 அன்று அமெரிக்கா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. இந்தியா கடிகாரத்தைத் தொடுவதில்லை. ஆகவே, சென்னையில் இரவு 9.30-க்கு இருந்த ஆட்டம் சத்தமில்லாமல் 8.30-க்கு வந்துவிடுகிறது. சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்காருபவருக்கு, எதிராளி வாக்ஓவரில் வென்ற செய்தி காத்திருக்கும்.

லண்டன்காரர் பாடு இன்னும் விசேஷம். பிரிட்டன் தன் கடிகாரத்தை மாற்றியது மார்ச் 30-இல்தான். இடைப்பட்ட மூன்று வாரம் மட்டும் அவருடைய மாலை 4 மணி ஆட்டம் 3 மணிக்கு நடந்து, பிறகு ஒன்றும் தெரியாததுபோல 4 மணிக்கே திரும்பிவிடும். சிட்னிக்காரருக்குச் செவ்வாய்க்கிழமைப் போட்டி என்பதே புதன்கிழமைதான். ஜனவரியில் அதிகாலை 3 மணி, மார்ச்சில் 2, ஏப்ரலில் 1. தள்ளுபடி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கண்விழிப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. 2022 மே மாதம், செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் இணையச் சதுரங்கப் போட்டியின் அரையிறுதியில் அனிஷ் கிரியை வென்று பிரக்ஞானந்தா எழுந்தபோது இந்தியாவில் பின்னிரவு 2 மணி. அவருக்கு வயது 16. விடிந்தால் பள்ளியில் தேர்வு. எந்த நேரமானாலும் ஆடலாம், அது எந்த நேரம் என்று தெரிந்தால்.

சமோவா, 2011-இல் டிசம்பர் 30 என்ற வெள்ளிக்கிழமையையே நாட்காட்டியிலிருந்து தூக்கிவிட்டது. வியாழன் இரவு படுத்தவர்கள் சனிக்கிழமை எழுந்தார்கள். அந்தச் சின்னத் தீவு நாட்டு அரசு அதை மாதக்கணக்கில் முன்பே சொல்லிவிட்டுத்தான் செய்தது. தாங்கள் விழுங்குவது ஒரு மணி நேரம்தான். ஒரு வரி போதும்.

ஆகவே, அட்டவணையை உலகப் பொது நேரமான யுடிசியில் போடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது. 'இன்னும் பத்து நிமிடத்தில் தொடக்கம்' என்பதை முன்னறிவிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். யுடிசிக்கு மாறினால், நவம்பரில் ஆட்டம் இடம் மாறுவது நியூயார்க்கின் கடிகாரத்தில்தான். அதற்கு மட்டும் ஒரு மாதம் முன்பே அறிவிப்பு வந்துவிடும் என்று நம்பலாம்.

இப்படிக்கு,
தோற்ற செய்தி வந்தபின் போட்டிக்கு வந்தவர்கள்