தேங்காய் எண்ணெய் போதாதா?

கேள்வி: குழந்தைக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். தாம்பத்தியத்தின்போது ஒரே வறட்சி, எரிச்சல். ஆணுறை பயன்படுத்துகிறோம். தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை.

பதில்: தேங்காய் எண்ணெய் தலைக்குப் போகட்டும், தாளிப்புக்குப் போகட்டும், ஆணுறைப் பக்கம் மட்டும் வர வேண்டாம். எண்ணெய் பட்டால் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் சில நிமிடங்களிலேயே பலம் இழந்து கிழியலாம். அடுத்த தொட்டிலுக்கு இப்போதே சொல்லிவைத்த மாதிரி ஆகிவிடும்! வாசலினும் கூடாது.

மருந்துக் கடையில் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட மசகு ஜெல் (லூப்ரிகன்ட்) கேளுங்கள். டாக்டர் சீட்டு தேவையில்லை. சிலிக்கோன் வகையும் லேடெக்ஸை ஒன்றும் செய்யாது, சீக்கிரம் காயவும் காயாது. வாசனை, சூடு, ஸ்ட்ராபெரி சுவை என்று டப்பாவிலேயே ஆசை காட்டுபவற்றை விட்டுவிடுங்கள்; எரிகிற இடத்தில் அவை இன்னும் எரியும். கிளிசரின் மிகுந்த ஜெல் திசுவிலிருந்தே நீரை இழுத்துவிடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், ஜெல்லின் ஆஸ்மோலாலிட்டி (கரைபொருள் செறிவு) 1200 mOsm/kg-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அதன் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 4.5-ஐ ஒட்டி இருந்தால் நல்லது.

பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வரும் வறட்சி இது. ஆசை குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கணவரிடமும் இதைச் சொல்லுங்கள். வலி தொடர்ந்தாலோ ரத்தம் கசிந்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.