பின் நம்பர் யாரிடம்?

தியேட்டருக்கு வரும் படத்துக்குத் தணிக்கைக் கத்தரி உண்டு, ஓடிடிக்கு இல்லை. அதை ஈடுகட்ட 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு விதிகள் போட்டது. 7, 13, 16 என்று வயதுவாரியாக முத்திரை. 13-ம் அதற்கு மேலும் என்றால் பெற்றோர் பூட்டு வசதி கட்டாயம். நல்ல பூட்டுதான். ஆனால் டிவியில் அதைப் போடத் தெரிந்தவன் வீட்டில் ஒருவன்தான்; எட்டாம் வகுப்பு படிக்கிறான். த்ரில்லர் பார்க்க ஆசைப்படும் அப்பா அவனிடம்தான் பின் நம்பர் கேட்கிறார்.

மனம் புண்பட்டால் புகார் செய்யலாம். நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 15 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். திருப்தி இல்லையா, நிறுவனங்களே சேர்ந்து அமைத்த சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறது. அதற்கும் மேலே அரசின் குழு. புண்பட்டவரோ அதற்குள் எல்லா எபிசோடையும் பார்த்து முடித்து, அடுத்த சீசன் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

2023 செப்டம்பர் முதல் புகையிலை எச்சரிக்கையும் சேர்ந்துகொண்டது. நாயகன் அரிவாளோடு ஒரு தெருவையே காலி செய்கிறான்; திரையின் அடியில் ஒரு எழுத்து இல்லை. களைப்பாற ஒரு பீடியைப் பற்றவைக்கட்டும், உடனே எச்சரிக்கை வந்து நிற்கிறது. வெட்டுப்பட்டுக் கிடப்பவர்களுக்கும் அந்தப் புகை ஆகாது, பாருங்கள்.