தண்ணீர் திறக்கும் பூட்டு

கே: சேர்க்கைப் பாலிமர், குறுக்கப் பாலிமர்: தேர்வுக்கு ஒரே வரியில் வித்தியாசம் சொல்லுங்களேன்! (உயர்நிலை நான்கு மாணவி, ஈசூன்)

ப: சேர்க்கையில் எதுவும் வெளியேறாது, குறுக்கத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு சிறு மூலக்கூறு, பெரும்பாலும் தண்ணீர், வெளியேறும். எத்திலீன் தன் இரட்டைப் பிணைப்பில் ஒன்றை அவிழ்த்து அடுத்ததைப் பிடித்துக்கொண்டே போனால் பாலிஎத்திலீன். அமிலமும் ஆல்கஹாலும் நீரை விட்டுவிட்டுக் கைகோத்தால் பாலியெஸ்டர்.

கே: இந்த வித்தியாசத்தைச் சிங்கப்பூர்த் தேக்காச் சந்தையில் கண்ணால் பார்க்க முடியுமா?

ப: கடைக்காரர் கத்தரிக்காய் போட்டுத் தரும் பை சேர்க்கை. சிராங்கூன் சாலைக் கடையில் தொங்கும் பாலியெஸ்டர் சேலை குறுக்கம். பட்டுச்சேலை? அதுவும் குறுக்கமே! அமினோ அமிலங்கள் நீர் இழந்து கோத்த புரதம் அது. இட்லியின் மாவுச்சத்தும் வாழையிலையின் செல்லுலோஸும் அதே சாதி.

கே: எல்லாப் பாலிமரும் இந்த இரண்டில் அடங்கிவிடுமா?

ப: அடங்காது. இந்தப் பிரிவை 1929இல் வகுத்தவர், பின்னாளில் நைலானை உருவாக்கிய கரோதர்ஸ். ஆனால் சோபா மெத்தையின் பாலியூரித்தேன் சங்கிலி எதையும் வெளியேற்றாமலே படிப்படியாக வளர்கிறது. அதனால்தான் வேதியியலாளர் ஃப்ளோரி, எது வெளியேறுகிறது என்பதை விட்டு, எப்படி வளர்கிறது என்று பார்க்கச் சொன்னார். தேர்வில் முதல் விடையை எழுதுங்கள்; மனத்தில் இரண்டையும் வையுங்கள்.

கே: இட்லி செரிக்கிறது, பை மட்டும் ஏன் மக்குவதில்லை? (தேக்கா வாடிக்கையாளர்)

ப: நீர் இழந்து சேர்ந்ததை நீர் கொடுத்துப் பிரிக்கலாம். உங்கள் உமிழ்நீரின் அமிலேஸ் அதைத்தான் செய்கிறது. பாலியெஸ்டர் சலவைக்கு அசையாது. ஆனால் சூடான காரக் கரைசலில் மெல்லப் பிரியும். பாலிஎத்திலீன் முதுகெலும்பு முழுக்கக் கார்பனோடு கார்பன். தண்ணீர் நுழைய அங்கே வாசலே இல்லை.

கே: ஐந்து காசு கொடுத்துப் பை வாங்குவது தவறா?

ப: 2023 ஜூலை 3 முதல் சிங்கப்பூரின் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் பைக்குக் குறைந்தது 5 காசு. அது நம்மை ஒரு நொடி யோசிக்க வைக்கும் விலை. வீசிய பையை எரித்தால் அதன் கார்பன் கரியமில வாயுவாகிறது. குப்பையின் சாம்பல் செமாக்காவ் தீவின் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. ஆகவே வாங்கிய பையைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது, பாட்டி கையில் தொங்கிய மஞ்சள் துணிப்பை. அதன் பருத்தி செல்லுலோஸ்; மண்ணில் விழுந்தால் நுண்ணுயிர்கள் தண்ணீரைக் கொண்டே அதன் பூட்டைத் திறந்துவிடும்.