கலகம், எல்லா அளவுகளிலும்

லண்டனின் கேம்டன் சந்தை 1974-இல் கால்வாயோரம் சில கைவினைக் கடைகளோடு தொடங்கியது. பிறகு பங்க் இசை இளைஞர்கள் வந்தார்கள். அரசியை, அரசாங்கத்தை, சீப்பை எதிர்த்தார்கள். இன்று அந்த எதிர்ப்பு டி-சர்ட்டில் எஸ், எம், எல், எக்ஸ்எல் அளவுகளில் கிடைக்கிறது, கார்டும் ஏற்கப்படும். கிழிந்த ஜீன்ஸ் முழு ஜீன்ஸைவிட விலை அதிகம். கிழித்த கூலி போலும்!

சந்தையிலிருந்த பழைய குதிரை லாயங்களெல்லாம் இப்போது கடைகள். ஞாயிற்றுக்கிழமை நெரிசலைப் பார்த்தால், குதிரைகள் சௌகரியமாகத்தான் இருந்திருக்கும். பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2014 முதல் வெண்கலச் சிலையாக அங்கேயே நிற்கிறார். அவரோடு செல்ஃபி இலவசம். பாலத்தருகே மொஹாக் கொண்டைக்காரரைப் படமெடுத்தால் மட்டும் காசு கேட்பார். நியாயம்தான், அந்த வட்டாரத்தில் வாடகை கொண்டையைவிட உயரம்.